புதிய கடன் நிலையங்களும் அரசாங்கத்தின் கண்காணிப்பும்

வீடு வாங்க விரும்புகின்றவர் எல்லோரிடமும் அதற்குரிய முழுப் பணமும் ஒருங்கே இருப்பதில்லை. பெரும்பாலோர் கடன் வாங்குகின்றனர். வாங்கும் வீட்டையே அக்கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கின்றனர். இதனை அடமானக் கடன் என்கிறோம். கடன் கொடுப்பவர் தம் கைப்பொருளைக் கொடுக்கும் வரையில் இதில் அரசாங்கத்திற்கு வேலை குறைவு. கொடுத்த பணம் திரும்பி வருமோ வாராதோ என்னும் அச்சமே அவரை எச்சரிக்கையோடு நடக்கச் செய்யும். ஆனால், கடன் திரும்பாது போயின் அந்த நட்டத்தை அரசாங்கமே ஈடு செய்யும் என்று ஓர் ஏற்பாடு வந்துவிட்டால் என்ன ஆகும்? கடன் கொடுப்பவரின் அச்சம் நீங்கிவிடும். அச்சம் இருந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவ்விடத்தில் வைக்கப்பட்டது கண்காணிப்பு. அது எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே தவறுகிறது என்பதையே, சிறப்பாகப் புதிதாக அனுமதி பெற்ற கடன் நிலையங்களின் திறத்தில், இப்பொழுது காண்போம்.

1929-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. அக்காலத்து வீட்டுக் கடன் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளில் தீர்க்கப்பட வேண்டியதாக இருந்தது. வட்டியை மட்டும் கட்டிவந்து, தவணை முடிவில் அசல் முழுவதையும் ஒரே தொகையாகக் கொடுத்தல் வேண்டும்; அல்லது மீண்டும் புதுக்கடன் எழுதிக்கொள்ளல் வேண்டும். பாங்கிகளே முறியத் தொடங்கியபோது புதுக்கடன் எங்கிருந்து கிடைக்கும்? இந்நிலையில், 1934-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தால் பிறந்ததே ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன். சுருக்கமாக, வீட்டுவசதி நிர்வாகம் என்று கொள்வோம்.

இந்நிர்வாகம் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. இதனை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். கடன் கொடுப்பவை தனியார் நிலையங்கள். நிர்வாகமோ அக்கடனை இன்ஷூரன்ஸ் செய்கிறது. கடன் வாங்குகின்றவர் ஒரு சிறு கட்டணம் செலுத்துகிறார். அது பொதுநிதி ஒன்றில் சேர்கிறது. எவரேனும் கடனைக் கட்டத் தவறினால் அந்நிதியிலிருந்து கடன் நிலையத்திற்குப் பணம் கொடுக்கப்படுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 2,00,000 டாலர். வாங்குகின்றவர் தம் கையிலிருந்து போட வேண்டியது குறைந்த அளவு நூற்றுக்கு மூன்றரை, அதாவது 7,000 டாலர். மீதி 1,93,000 டாலர் கடன். இதற்குத் தொடக்கக் கட்டணம் நூற்றுக்கு ஒன்றேமுக்கால் வீதம் 3,377 டாலரும் அரையும் ஆகிறது. இதுவன்றி ஆண்டுக் கட்டணமும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் பெரும்பாலோர்க்கு அது நூற்றுக்கு 0.55 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஏழாயிரம் டாலர் கையில் உள்ள ஒரு குடும்பம் இரண்டு இலட்சம் டாலர் வீட்டிற்கு உரிமை பெறுவது இந்த ஏற்பாட்டின் பெருமை. அந்த வீட்டின் மதிப்புச் சிறிது குறைந்தாலும், குடும்பத் தலைவருக்குச் சில மாதம் வேலை இல்லாது போனாலும், சுமை பொதுநிதியின் தலையில் விழுவது இதன் ஆபத்து.

ஆதியில் நிர்வாகத்தின் அலுவலர்களே ஒவ்வொரு கடன் மனுவையும் படித்து, வீட்டை மதிப்பிடச் செய்து, பின்னரே இன்ஷூரன்ஸ் வழங்கினர். இதனால் எல்லாம் செவ்வனே நடந்தது என்று எண்ணிவிட வேண்டா. அக்காலத்து விதிகள் கறுப்பு இன மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தான பகுதிகள் என்று ஒதுக்கின; வெள்ளையர் குடியேறிய புதிய புறநகர்களுக்கே இன்ஷூரன்ஸ் தாராளமாகக் கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு மேலாக இந்த அநீதி அரசாங்க முத்திரையோடு நடைபெற்றது. கண்காணிப்பு என்பது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எதனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கண்ணுக்குக் கற்பித்தோமோ அதனையே கண் காணும்.

1968-ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. வீட்டு விற்பனையில் இனவேற்றுமையைத் தடை செய்யும் சட்டமும், ஏழைகளின் வட்டிச் சுமையில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கும் சட்டமும் அவ்வாண்டில் நிறைவேறின. நெடுங்காலம் அடைத்திருந்த கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவர் யார் என்பதற்கு டெட்ராய்ட் நகரின் வரலாறே சான்று.

மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன அந்நகரில் வீட்டு வியாபாரிகள் சிலர் இடியும் தறுவாயில் இருந்த பழைய வீடுகளைச் சொற்ப விலைக்கு வாங்கினர். சுவருக்கு மேற்பூச்சுப் பூசினர். ஒழுகும் கூரையை ஒட்டுப்போட்டு மறைத்தனர். மதிப்பீட்டாளர் சிலர் இலஞ்சம் பெற்றுக்கொண்டு, அவ்வீடுகளின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்திச் சான்று கொடுத்தனர். வாங்குகின்றவருக்குப் போதிய வருமானம் உண்டு என்று காட்டப் பொய்க் கடிதங்கள் தயாராயின. கடன் நிலையமோ எதனையும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? எழுதிய கடன் ஒவ்வொன்றிற்கும் அதற்குக் கூலி உண்டு. கடன் மூழ்கினால் அரசாங்கப் பணம் உண்டு. வீட்டை வாங்கியவர்களுள் பலர் குழந்தைகளோடு தனித்து வாழ்ந்த ஏழைத் தாய்மார்கள். சொந்த வீடு என்னும் மகிழ்ச்சியோடு குடியேறிய அவர்கள், முதற் குளிர்காலத்திலேயே வெப்ப உலை பழுதாகி, குழாய் வெடித்து, பழுது பார்க்கப் பணமின்றித் திகைத்தனர். தவணை நின்றது, வீட்டை விட்டு வெளியேறினர். நிலையம் தன் பணத்தைப் பெற்றுக்கொண்டு, வீட்டை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. தெருத்தெருவாகப் பாழ்வீடுகள் நின்றன. அவற்றின் உரிமையாளர் அமெரிக்க அரசாங்கம்! 1970-களின் தொடக்கத்தில் பல நகரங்களில் வழக்குகள் நடந்தன. வியாபாரிகளும் கடன் நிலையத்தாரும், மேற்பார்வையிட வேண்டிய நிர்வாகத்தின் அலுவலர் சிலருமே தண்டனை அடைந்தனர். 1973-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் தன் உதவித் திட்டங்களுக்குப் புதிய மனுக்களை ஏற்பதையே நிறுத்தி வைத்தது. ஆக, பழைய முறையில் கதவடைத்ததால் துன்புற்றவர்களும், புதிய முறையில் காவலின்றித் திறந்ததால் துன்புற்றவர்களும் ஏறத்தாழ ஒரே மக்களே. வீட்டுக் கடன் வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் வருத்திய பகுதி இதுவே.

ஒவ்வொரு மனுவையும் அரசாங்க அலுவலரே பார்ப்பது காலதாமதத்திற்கும் இடந்தந்தது. எனவே 1983-ஆம் ஆண்டில் நேரடி ஒப்புதல் என்னும் முறை வந்தது. அனுமதி பெற்ற கடன் நிலையம் தானே மனுவை ஆராய்ந்து, தானே முடிவு செய்து, கடனைக் கொடுத்துவிடலாம். பின்னர்ப் பத்திரங்களை அனுப்பி இன்ஷூரன்ஸ் பெறலாம். அரசாங்கத்தின் பேனா தனியார் கைக்கு மாறிற்று எனலாம். இதன்பின், எந்த நிலையத்தை உள்ளே விடுவது என்னும் கேள்வி முன்னைவிடப் பன்மடங்கு முக்கியமாயிற்று.

வாயிலில் கேட்கப்படுபவை பல. நிலையத்திற்கு ஒரு குறைந்தபட்ச மூலதனம் வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். பொறுப்பாளர்கள் முன்பு குற்றத்திற்காக விலக்கப்பட்டவர்களாக இருத்தல் கூடாது. தான் கொடுத்த கடன்களுள் ஒரு பகுதியை மீண்டும் எடுத்துச் சரிபார்க்கும் ஏற்பாட்டை நிலையமே வைத்திருக்க வேண்டும். முதல் ஆறு தவணைக்குள்ளேயே நின்றுபோகும் கடன்களைத் தவறாது ஆராய வேண்டும். இவை தாள்மேல் இருக்கும் தகுதிகள். உண்மையான பரீட்சை இதற்குப் பின்னரே வருகிறது. புதிய நிலையம் தனக்கு நேரடி ஒப்புதல் அதிகாரம் வேண்டுமென்றால், முதலில் பதினைந்து கடன்களைச் சோதனைக் கடன்களாக நிர்வாகத்திடம் சமர்ப்பிக்க வேண்டும். அவற்றை அலுவலர்கள் வரிவரியாகப் படிக்கின்றனர். வருமானம் சரியாகக் கணக்கிடப்பட்டதா, வீட்டின் மதிப்பு நம்பத்தக்கதா, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கின்றனர். பதினைந்தும் திருப்தியளித்தால் நிலையம் தன் காலில் நிற்க அனுமதி பெறுகிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது புதிதன்று. பயிற்சி மாணவர் மாதிரிப் பாடம் நடத்துவார். மேற்பார்வையாளர் கடைசிப் பெஞ்சியில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்பார். நானும் இரண்டு இடங்களிலும் இருந்திருக்கிறேன். மாதிரிப் பாடத்தன்று படங்களும் உபகரணங்களும் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். அன்று எல்லா ஆசிரியரும் நல்லாசிரியரே! பயிற்சி முடிந்து மூன்றாம் ஆண்டில், மழைநாளில், ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே அவர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதை மாதிரிப் பாடம் சொல்லாது. பதினைந்து சோதனைக் கடன்களும் அவ்வாறே. வேண்டாதது என்று நான் கூறவில்லை. அறியாமையை அது வடிகட்டும், வஞ்சகத்தை வடிகட்டுவது அரிது. அந்தச் சோதனையும் சரிவர நடைபெறவில்லை என்று ஒரு காலத்தில் குற்றச்சாட்டு எழுந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்காகக் கணக்காய்வு செய்யும் அலுவலகம், அதிகாரம் பெற்ற நிலையங்கள் அதற்குத் தக்கவைதாம் என்பதற்கு இம்முறை போதிய உறுதி தரவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது.

சரி, உள்ளே விட்ட பிறகு எப்படிக் கண்காணிப்பது? 1999-ஆம் ஆண்டு முதல் ஒரு முறை கையாளப்பட்டு வருகிறது. ஒரு கிளை கடந்த இரண்டு ஆண்டுகளில் கொடுத்த கடன்களுள் நூற்றுக்கு எத்தனை கெட்டுப்போயின என்று கணக்கிடுவர். அதே வட்டாரத்தில் எல்லா நிலையங்களுக்கும் உள்ள சராசரியோடு அதனை ஒப்பிடுவர். சராசரி மூன்று என்றால், ஏழு காட்டும் கிளை சராசரியின் இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. அதன் அதிகாரம் பறிக்கப்படலாம். எளிய முறை, ஓரளவு நியாயமான முறையுங்கூட. ஆயினும் கணிதம் பயில்கின்றவர்கள் இதிலுள்ள ஓட்டைகளைச் சிறிது யோசித்தால் தாங்களே காண்பர்.

முதலாவது, புதிய நிலையத்தின் கடன்கள் சிலவே. இருபது கடனில் ஒன்று கெட்டால் நூற்றுக்கு ஐந்து ஆகிவிடும். அதைக்கொண்டு எந்த முடிவும் செய்ய இயலாது. இதைவிட நுட்பமானது இன்னொன்று. கடன் கொடுத்த அன்றே கெடுவதில்லை. விதைத்த அன்றே பயிர் வாடாதது போல. ஒரு புதிய நிலையம் முதலாண்டில் நூறு கடன் கொடுத்தது என்க. அவற்றுள் எட்டுக் கெட்டன. இரண்டாம் ஆண்டில் அது விரைந்து வளர்ந்து ஐந்நூறு கடன் கொடுத்தது. அவை புதியவையாதலால் நான்கே இதுவரை கெட்டுள்ளன. மொத்தம் அறுநூறில் பன்னிரண்டு; நூற்றுக்கு இரண்டு! முதலாண்டுக் கடன்களின் கதி நூற்றுக்கு எட்டு என்ற செய்தி இந்த இரண்டில் மறைந்துவிட்டது. எந்த நிலையம் மிக வேகமாக வளர்கிறதோ, அதாவது எதனை நாம் மிகவும் ஐயுற வேண்டுமோ, அதுவே கணக்கில் மிகவும் நல்லதாகத் தோன்றும். வட்டாரம் முழுவதுமே கெட்டிருந்தால், கெட்ட நிலையம் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது வேறு. ஆதலால் ஒப்பிடும்போது ஒரே காலத்தில் பிறந்த கடன்களை ஒரே காலத்தில் பிறந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். முதற் சில தவணைகளிலேயே நிற்கும் கடன்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் என்ன பயன்?

இந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே வேளையில் வெளிப்பட்ட காலம் 2007 முதல் 2009 வரையிலான நெருக்கடிக் காலம். அதற்கு முன் தனியார் நிலையங்கள் எவருக்கும் எளிதில் கடன் கொடுத்து வந்தமையால் வீட்டுவசதி நிர்வாகத்தை நாடியவர் குறைவு. அந்தத் தாராளம் வெடித்துச் சிதறியதும் எஞ்சிய வாயில் இது ஒன்றே. 2009-ஆம் ஆண்டில் வீடு வாங்குவதற்காகப் பெற்ற கடன்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது இந்நிர்வாகத்தின் இன்ஷூரன்ஸ் பெற்றவை. வாடிக்கையாளர் பெருகியதுபோலவே, அனுமதி கேட்டு வந்த நிலையங்களும் பெருகின. கெட்ட கடன் கொடுத்து மூடப்பட்ட நிலையங்களின் ஆட்களே வேறு பெயர்ப் பலகையோடு வாயிலில் வந்து நிற்பரோ என்ற கவலை காங்கிரஸ் சபையில் எழுந்தது. பெயர்ப் பலகையைச் சோதிப்பது எளிது. அதன் பின்னால் உள்ள மனிதரைச் சோதிப்பதே கடினம்.

இங்கே ஒரு பெரிய வழக்கைக் குறிப்பிட வேண்டும். ஃபுளோரிடா மாநிலத்தின் ஓகாலா என்னும் ஊரில் டெய்லர், பீன் அண்டு விட்டேக்கர் என்னும் நிலையம் இருந்தது. இது புதிய நிலையமன்று. ஆயினும் புதியவற்றைப் பற்றிய பாடம் இதில் உண்டு. இந்நிலையம் விற்ற சில கடன்கள் பொய்யானவை என்று கண்டு, 2002-ஆம் ஆண்டிலேயே அரசாங்கத் தொடர்புடைய ஃபேனி மே நிறுவனம் இதனோடு கொண்ட உறவை அறுத்துக்கொண்டது. ஆனால் காரணத்தை ஊரறியச் சொல்லவில்லை. மற்ற நிறுவனங்கள் தொடர்ந்து கதவைத் திறந்தே வைத்திருந்தன. ஒரு பள்ளியில் நீக்கப்பட்ட மாணவன் அடுத்த பள்ளியில் சேர வரும்போது மாற்றுச் சான்றிதழில் ஒன்றும் எழுதாமல் விட்டதற்கு ஒப்பாகும் இது. ஏழாண்டுகள் கழிந்தன. இல்லாத கடன்களையும், ஒருமுறை விற்ற கடன்களையே மறுமுறையும் விற்று, நிலையம் தன் ஓட்டையை மறைத்து வந்தது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீட்டுவசதி நிர்வாகம் அதன் அனுமதியை நிறுத்தியது. உடனடிக் காரணம் என்ன தெரியுமா? தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு வந்து சேரவில்லை. தணிக்கையாளர் வேலையை நிறுத்திவிட்டதையும் நிலையம் மறைத்திருந்தது. யாரும் மதிக்காத அந்தச் சாதாரண விதியே கடைசியில் மணியடித்தது. அப்போது அது இந்நிர்வாகத்தின் கடன் நிலையங்களுள் மூன்றாவது பெரியது. அதனோடு பிணைந்திருந்த அலபாமாவின் கலோனியல் பாங்கியும் அதே மாதம் முறிந்தது. நிலையத்தின் தலைவர் லீ ஃபார்க்கஸுக்கு 2011-ஆம் ஆண்டில் முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதன்பின் விதிகள் இறுகின. 2009-ஆம் ஆண்டுச் சட்டம், விலக்கப்பட்டவர்களும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் வேறு வழியில் நுழைவதைத் தடுத்தது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் முதல், புதிதாக வரும் நிலையத்திற்கு வேண்டிய மூலதனம் 2,50,000 டாலரிலிருந்து பத்து இலட்சம் டாலராக உயர்ந்தது. 2013 முதல், கொடுக்கும் கடன் பெருகப் பெருக அதுவும் இருபத்தைந்து இலட்சம் வரை பெருக வேண்டும் என்றாயிற்று. சிறு தரகு நிலையங்களுக்குத் தனித்தனியே அனுமதி கொடுக்கும் வழக்கமும் ஒழிந்தது. அவற்றின் செயலுக்கு, அவற்றை அழைத்துவரும் பெரிய நிலையமே பொறுப்பு. ஆயினும் முன்பு விதைத்தது விளையாமற் போகவில்லை. சட்டப்படி நூற்றுக்கு இரண்டாவது இருக்க வேண்டிய பொதுநிதியின் மூலதன விகிதம் 2009-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில், நிர்வாகத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, அரசாங்கக் கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 170 கோடி டாலர் பெறவேண்டி வந்தது.

விதி இறுகினால் மட்டும் போதுமா என்பதற்கும் அடுத்த சில ஆண்டுகள் விடை கூறின. நெருக்கடிக் காலத்துக் கடன்களுக்காக அரசாங்கம் பெரிய பாங்கிகள்மீது வழக்குத் தொடர்ந்தது. தகுதியற்ற கடன்களைத் தகுதியுள்ளவை என்று சான்றளித்த குற்றத்திற்காக, வெல்ஸ் ஃபார்கோ பாங்கி 2016-ஆம் ஆண்டில் 120 கோடி டாலர் செலுத்த இசைந்தது. தண்டம் நியாயமானதே. ஆனால் பெரிய பாங்கிகள் பலவும் இத்தொழிலே வேண்டா என்று மெல்ல விலகின. அவ்விடத்தை நிரப்பியவை பாங்கி அல்லாத கடன் நிலையங்கள். இவற்றிடம் பொதுமக்களின் வைப்புப் பணம் கிடையாது. பிறரிடம் குறுகிய காலக் கடன் வாங்கியே நீண்டகாலக் கடன் கொடுக்கின்றன. பாங்கிகளை மேற்பார்வையிடும் மத்திய அதிகாரிகளின் பார்வைக்குள் இவை வருவதுமில்லை. இன்று இந்நிர்வாகத்தின் இன்ஷூரன்ஸ் பெறும் கடன்களுள் மிகப் பெரும்பாலானவை இவற்றின் வழியாகவே வருகின்றன.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், முதியோர்களுக்கு அவர்கள் வீட்டின்மேல் மாதந்தோறும் பணம் கொடுத்துவந்த ரிவர்ஸ் மார்ட்கேஜ் ஃபண்டிங் என்னும் நிலையம் திவாலாயிற்று. அறுபத்திரண்டு வயதைக் கடந்தவர்கள் எதிர்பார்த்திருந்த தொகை நின்றுபோகும் நிலை. ஜின்னி மே என்னும் அரசாங்க நிறுவனம் அடுத்த மாதமே அந்த நிலையத்தின் பொறுப்பிலிருந்த கடன்களைத் தானே ஏற்று நடத்த வேண்டி வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, தன்னோடு தொழில் செய்யும் நிலையங்கள் அவற்றின் ஆபத்திற்கேற்ற மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று ஜின்னி மே அறிவித்திருந்தது. அந்த விதி 2024-ஆம் ஆண்டின் முடிவில் நடைமுறைக்கு வந்தது. இது தங்கள் தொழிலையே நெரித்துவிடும் என்றும், கடைசியில் கடன் கிடைக்காமற் போவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே என்றும் கடன் நிலையத்தார் வாதித்தனர். டெட்ராய்ட் நகரின் பாழ்வீடுகளை நினைப்பவர்கள் அதனை ஒப்புவதில்லை. அதற்கு முந்திய முப்பதாண்டுகளில் அடைபட்டிருந்த கதவை நினைப்பவர்கள் அதனை முற்றிலும் மறுப்பதுமில்லை.